பிரான்ஸில் ஒரு புதுக்கோட்டை

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

பிரான்ஸ் நாட்டின் தெற்கே ரோன் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில், அவிஞோன் நகரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ஷாத்தோநஃப்-து-பாப் என்று ஒரு சின்ன ஊர். பெயர் வாயில் நுழையாது. ஆனால் பொருளைச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடித்துவிடும். 'ஷாத்தோ' என்றால் கோட்டை. 'நஃப்' என்றால் புதியது. 'பாப்' என்றால் போப்பாண்டவர். ஆக, போப்பாண்டவரின் புதுக்கோட்டை!

1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமில் இல்லை, அவிஞோனில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான 22ஆம் யோவான் இந்த ஊரில் கோடைக்காலத்துக்கென்று ஒரு கோட்டை கட்டினார். 'புதுக்கோட்டை' என்ற பெயர் அதற்கும் முன்பிருந்தே உண்டு. 'போப்பாண்டவரின்' என்ற ஒட்டு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் முறையாகச் சேர்ந்தது. கோட்டை இன்று இடிந்து, ஒரு பக்கச் சுவர்தான் நிற்கிறது. ஆனாலும் உலகம் முழுக்க அந்த ஊர்ப் பெயர் தெரியும். காரணம், அங்கே விளையும் திராட்சையும் அதிலிருந்து வடிக்கும் திடமான சிவப்பு ஒயினும்.

ஒயினைப் பற்றி சார் எழுதுகிறாரே என்று யாரும் பதற வேண்டாம். ஒரு சொட்டும் நாக்கில் பட்டதில்லை. சரித்திர வாத்தியாருக்குச் சாராயத்தில் வேலையில்லை. அது வந்த வழியில்தான் வேலை.

வெயிலும் காற்றும் சேர்ந்த பூமி அது. ஆல்ப்ஸ் மலைக்கும் மேற்கே உள்ள மேட்டு நிலத்துக்கும் நடுவில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து 'மிஸ்த்ரால்' என்று ஒரு காற்று இறங்கும். இடுக்கில் நுழைகிற காற்றுக்கு வேகம் அதிகம். ஈரமில்லாத காற்று. மழை பெய்து இலை நனைந்தாலும் சீக்கிரம் காய வைத்துவிடும். திராட்சைக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். இலை காய்ந்தே இருந்தால் பூஞ்சணத்துக்கு வேலையில்லை. அதே காற்று கொடியை முறிக்கவும் செய்யும். அதனால் அங்கே கொடியை உயரப் படரவிடாமல், இடுப்பளவுக் குட்டைச் செடியாக வெட்டி வளர்ப்பது பழைய வழக்கம். தரையில் உருண்டையான கூழாங்கற்கள் கிடக்கும். பகலில் வாங்கிய சூட்டை அவை இரவில் மெல்ல விடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். கறுப்புத் திராட்சையைப் பிழிந்து பாருங்கள், சாறு அநேகமாக நிறமில்லாமல்தான் வரும். சிவப்பு தோலில் இருக்கிறது. சாற்றைத் தோலோடு ஊறவிட்டுப் புளிக்க வைத்தால்தான் சிவப்பு ஒயின். வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை கூடும். அந்தச் சர்க்கரைதான் நொதித்துச் சாராயச் சத்தாகிறது. வெயிலும் காற்றும் உள்ள ஊரின் சிவப்பு ஒயின் ஏன் திடமாக இருக்கிறது என்பதற்கு விடை இவ்வளவுதான். அந்த ஊர்ச் சரக்கில் 12.5 சதவீதத்துக்குக் குறைந்து சாராயச் சத்து இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு கேள்வி. ஆலங்குடிப் பக்கத்து மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததை நாம் யாரும் மறக்கவில்லை. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று அந்த வட்டாரமே தென்னையும் பலாவும் வாழையுமாக இருந்தது. ஒரே இராத்திரியில் சாய்ந்தது. அவருடைய ஒரு ஏக்கர் தென்னையும் போயிற்று. பிறகு கடலை போட்டுப் பார்த்தார், பூ போட்டுப் பார்த்தார். இப்போது, "சார், யூடியூபுல கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டம் பார்த்தேன். அங்கயும் வெயிலு, காத்து. இங்கயும் வெயிலு, காத்து. போர் இருக்கு. பந்தல் போட்டுரலாமான்னு பாக்குறேன், என்ன சொல்றீங்க?" என்றார்.

பந்தலுக்குக் கல்தூண், கம்பி, நாற்று, கூலி என்று கடன் வாங்கித்தான் செய்தாக வேண்டும். வேளாண்மை எனக்குத் தெரியாது, சரித்திரம் தெரியும். அதிலிருந்து சொல்கிறேன் என்றேன். போனில் சொல்லி முடியவில்லை. எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய வட்டாரத்திலிருந்தே தொடங்குகிறேன். அன்றைய ஆலங்குடி தாலுகாவில் கருக்காக்குறிச்சி என்ற ஊர். 1898-ல், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆட்சியில், அங்கே ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் காலம் தொடங்கி வெஸ்பாசியன் காலம் வரை, அதாவது ஏறக்குறைய முதல் நூற்றாண்டுக் காசுகள். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹில் என்ற நாணயவியல் அறிஞர் உடனேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். நாணய ஆராய்ச்சி உலகில் 'புதுக்கோட்டைப் புதையல்' என்றால் இதுதான்.

ஒரு காசு கொஞ்சம் குறைய ஒரு பவுன் எடை. ஆக ஏறக்குறைய ஐந்நூறு பவுன் தங்கம், நாம் சைக்கிளில் போய்வந்த பூமிக்கடியில் பதினெட்டு நூற்றாண்டுகளாகக் கிடந்திருக்கிறது. அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இது இனிமேல் காசாகச் செல்லாது, தங்கமாக எடை போட்டுத்தான் செல்லும் என்பதற்கு அடையாளமாக வெட்டியிருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. பிற நாட்டு அரசரின் முகத்துக்கு இங்கே மதிப்பில்லை, தங்கத்துக்குத்தான் மதிப்பு.

ரோம் எழுத்தாளர் பிளினி, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறது என்று அங்கலாய்த்தார். 100 செஸ்டர்ஸ் ஒரு பொற்காசு. வகுப்பில் கணக்குப் போடுவதுபோல் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 5 லட்சம் பொற்காசு. கருக்காக்குறிச்சியில் கிடைத்தது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிளினி கூட்டிச் சொல்லியிருந்தாலும்கூட, மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கற்களுக்குமாக இங்கே வந்த தங்கம் எத்தனை என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் கப்பல்களில் தங்கத்தோடு ஒயினும் வந்தது. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற நூல் முசிறிக்கு வந்த சரக்குகளைப் பட்டியல் போடுகிறது. நாணயம் நிறைய, பவளம், செம்பு, தகரம், ஈயம், கண்ணாடி. கூடவே ஒயின், அது மட்டும் அதிகமில்லை என்கிறது. நம் பக்கத்துச் சாட்சியும் இருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் அழகான கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் வாங்கி அருந்தி மகிழ்ந்திருக்கும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார்.

மண்ணுக்குள்ளும் சான்று உண்டு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியபோது 'ஆம்போரா' என்ற ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. இரண்டு காது, நீண்ட கழுத்து, கூரான அடி. கப்பலின் அடித்தளத்தில் சாய்த்து அடுக்க வசதியாக அப்படிச் செய்தார்கள். ஒயினும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் இவற்றில்தான் வரும். நமக்குத் தெற்கே, வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அழகன்குளத்திலும் இத்தகைய ஜாடித் துண்டுகள் எடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கப்பல்களைக் கொண்டுவந்தது எது? நம் ஆடிக்காற்றுதான். எகிப்துத் துறைமுகத்தில் ஜூலை மாதம் பாய் விரித்தால் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் குறுக்கே தாண்டிக் கொண்டுவந்து விடும். மார்கழி தையில் எதிர்க்காற்று பிடித்துத் திரும்புவார்கள்.

சங்க காலத் தமிழர் ஏக்கர் கணக்கில் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் ஏற்றுமதி செய்ததாக ஒரு தகவல் நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. சான்று அப்படிச் சொல்லவில்லை. இங்கே காய்ச்சியதும் இறக்கியதும் கள், நறவு, நெல்லில் செய்த தோப்பி. மணமுள்ள மது யவனர் ஜாடியில் வந்தது. இன்றைக்கு வெளிநாட்டுக்காரர் வாங்கி வருகிற சென்ட் பாட்டில் மாதிரி, அரசர் வீட்டுப் பொருள். ஜாடி வந்தது, கொடி வந்து வேரூன்றவில்லை. வாங்கக் காசு இருந்தது, கொண்டுவரக் கப்பல் இருந்தது, வளர்க்க வேண்டிய தேவை இல்லை. சொல்லைப் பாருங்கள். கள்ளுக்கு எத்தனை தமிழ்ப் பெயர்! திராட்சை என்ற சொல்லோ வடமொழி வழியாக வந்தது. 'கொடிமுந்திரி' என்று தமிழில் ஒரு பெயர் உண்டு, நம் பக்கம் அதைச் சொல்வார் இல்லை.

அப்படியானால் தமிழ்நாட்டு மண்ணில் திராட்சை முளைக்கவே முளைக்காதா? முளைக்கும். அதற்கும் சாட்சி இருக்கிறது. 1340-களில் மதுரை சுல்தான்களின் காலத்தில் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா நம் கடற்கரைக்கு வந்தார். மதுரை சுல்தான் அவருக்குச் சகலை முறை. அவர் 'பட்டன்' என்று குறிப்பிடும் ஒரு துறைமுகப் பட்டினத்தில் திராட்சையும் அருமையான மாதுளையும் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஆக, அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் கடற்கரையில் கொடி படர்ந்து காய்த்திருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டினம் ஒரு திராட்சை வட்டாரமாக ஆகவில்லை. நான் சொல்ல வருவது இந்த இடம்தான். தோட்டத்தில் கொடி காய்ப்பது ஒரு விஷயம். ஒரு வட்டாரமே அந்தக் கொடியால் பிழைப்பது வேறு விஷயம். முதலாவதற்கு வெயிலும் தண்ணீரும் போதும். இரண்டாவதற்கு இன்னும் பல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் கதையில் அவை ஒவ்வொன்றாக வந்து சேருவதைப் பார்க்கலாம்.

முதலில் வந்தது தேவை. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சையிலிருந்து வடித்த இரசம்தான் வேண்டும். கள்ளோ பனஞ்சாறோ ஆகாது. நம் மாவட்டத்தின் ஆவூரில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சேசு சபையார் கோயில் எழுப்பிவிட்டார்கள். நம் வீரமாமுனிவர் பணிசெய்த மதுரை மிஷனைச் சேர்ந்த இடம் அது. ஐரோப்பாவிலிருந்து ஆறு மாதக் கடல் பயணத்தில் வரும் பீப்பாயை நம்பியிருக்கும் குருமார், கொடியையே கொண்டுவந்து நட்டுப் பார்க்க நினைப்பது இயல்பு. தமிழ்நாட்டுக்கு இந்தத் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பதுதான் கம்பம் திராட்சையைப் பற்றி எல்லாரும் சொல்லும் வரலாறு. புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளிலும் இதுவே வந்தது.

இந்த இடத்தில் என் பழைய வகுப்பு மாணவர்கள் கையைத் தூக்க வேண்டும். பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. இங்கிலாந்தில் ரெஸ்ட் பார்க் என்ற பிரபுவின் மாளிகைத் தோட்டத்தில் ஸ்னோ என்ற தலைமைத் தோட்டக்காரர் 'கறுப்பு ஹாம்பர்க்', 'அலெக்சாந்திரியா மஸ்கட்' என்ற இரண்டு வகைகளை ஒட்டிப் பிறப்பித்தது அது. 1850 வாக்கில்தான் அந்தப் பெயரே வெளியே வருகிறது. 1850-ல் பிறந்த பிள்ளை 1832-ல் எப்படிக் கப்பல் ஏறும்? இரண்டு தேதியும் சரியென்றால் ஒன்றுதான் பொருள். பாதிரியார் கொண்டுவந்தது வேறு ஏதோ ஒரு திராட்சை. பன்னீர் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. பாதிரியாரின் பெருமை இதனால் குறையவில்லை. திராட்சைக்கு இங்கே ஒரு வாசலைத் திறந்தவர் அவர். பின்னால் வந்த பன்னீர் அந்த வாசல் வழியே நுழைந்தது. பன்னீர் தெளித்த மாதிரி மணம் அடிப்பதால் நம் மக்கள் வைத்த பெயர் 'பன்னீர்'. ஸ்னோ வைத்த பெயரைவிட இதுவே பொருத்தம்.

இரண்டாவது, காற்று. தேனி மாவட்டத்து வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே கேரளத்தின் ஏலமலைகள். கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள். நடுவில் தெற்கு வடக்காக ஒரு நீண்ட பள்ளம். அதுதான் கம்பம் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரத்தைப் பெருமளவு இழந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்கள் தேடிப் போகும் கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்குப் போனவர்கள் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். போப்பாண்டவரின் புதுக்கோட்டையில் மிஸ்த்ரால் செய்யும் வேலையை இங்கே ஆனி ஆடிக் காற்று ஓரளவுக்குச் செய்கிறது. ஒரு வித்தியாசம், அங்கே குட்டைச் செடி. இங்கே ஆளுயரத்துக்கு மேல் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல். நம் வெயிலில் பழம் வெந்துபோகாமல் இலையே கூரையாகக் காக்கும். கீழே காற்று தடையில்லாமல் ஓடும்.

மூன்றாவது, தண்ணீர். மழை மறைவு நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். 1886-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1887-ல் வேலை தொடங்கி 1895-ல் அணை திறந்தது. கர்னல் பென்னிகுவிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் குடும்பங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் கண்டது. ஆற்றில் ஆண்டில் பெரும்பகுதி நீர் ஓடினால் பக்கத்துக் கிணறுகளிலும் ஊற்று நிற்கும். அந்தக் கிணறுகளை நம்பித்தான் மேட்டு நிலத்தில் பந்தல் ஏறியது.

நான்காவது, கை. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி என்று ஊர் ஊராகக் கவாத்து வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கண்ணை விட்டு எந்தக் கண்ணுக்கு மேல் வெட்டினால் பூ வரும் என்பது புத்தகத்தில் படித்து வருவதில்லை. வெட்டி நான்கு மாதத்தில் பழம் கைக்கு வரும். பன்னீர் வகைக்கு அங்கே குளிர்கால உறக்கம் கிடையாது. ஒருவர் தையில் வெட்டுவார், அடுத்தவர் மாசியில் வெட்டுவார். அதனால் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். மகாராஷ்டிரத்திலும் பிற இடங்களிலும் பழம் தீர்ந்த மாதங்களில் கம்பத்தில் பழம் கிடைக்கும். வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கேரளத்து லாரி தானாக வந்து நிற்கும். ஒரே ஒரு தோட்டம் உள்ள ஊருக்கு லாரி வராது. இதை எந்த வீடியோவும் காட்டாது.

ஐந்தாவது, பெயரும் சட்டமும். இதற்கு மறுபடி பிரான்ஸுக்குப் போக வேண்டும். போப்பாண்டவரின் புதுக்கோட்டைப் பெயரைப் போட்டுக் கண்ட சரக்கையும் விற்கத் தொடங்கினார்கள். பார்த்துப் பொறுக்காத விவசாயிகள் 1923-ல் லெ ருவா என்ற பிரபுவின் தலைமையில் கூடி, எந்த நிலம், எந்த வகைக் கொடி, எப்படி வெட்டுவது, எவ்வளவு சாராயச் சத்து என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டார்கள். 1936-ல் நாட்டுச் சட்டமே அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஊரின் கறார்த்தனத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். 1954-ல் பறக்கும் தட்டு பற்றிய வதந்தி பிரான்ஸ் முழுக்கப் பரவியபோது, அந்த ஊர் மேயர் எங்கள் எல்லைக்குள் பறக்கும் தட்டு இறங்கவோ பறக்கவோ கூடாது என்று உத்தரவே போட்டுவிட்டார். நல்ல விளம்பரமும் ஆயிற்று.

ஊர்ப் பெயர் அந்த ஊருக்கே சொத்து என்ற அதே எண்ணம்தான் நம் நாட்டில் புவிசார் குறியீடு. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' அதைப் பெற்றது. பத்து ஊர்கள், ஏறக்குறைய 2,000 ஏக்கர், தமிழ்நாட்டுப் பன்னீர் திராட்சையில் 85 சதவீதம் அங்கிருந்துதான் என்று அப்போது செய்தி வந்தது.

அப்படியானால் கம்பத்துக்கு ஒயினில் ஏன் பிரான்ஸ் அளவுக்குப் பெயரில்லை? பழத்தின் குணம் ஒரு காரணம். மஸ்கட் ஹாம்பர்க் முதன்மையாக வாயில் போட்டுத் தின்னும் பழம். திடமான சிவப்பு ஒயினுக்கு வேறு வகைகள் உண்டு. இன்னொரு காரணம் சட்டம். 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-க்குள் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்ந்து 1974-ல் மீண்டும் வந்தது. மகாராஷ்டிர அரசோ 2001-ல் ஒயின் ஆலைகளுக்கு வரிச்சலுகையோடு தனிக் கொள்கையே வகுத்தது. நாசிக் இந்தியாவின் ஒயின் தலைநகரானது. எது நல்லது எது கெட்டது என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. குடியால் சிதைந்த வீடுகளை எத்தனையோ மாணவர்கள் வழியாகப் பார்த்தவன் நான். ஒரு கொடி பழமாக முடிவதும் பாட்டிலில் முடிவதும் அரசாங்கத்தின் கையெழுத்திலும் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி ஆலங்குடித் தம்பிக்கு நேரடியாகச் சொல்கிறேன்.

தம்பி, வெயிலும் காற்றும் நம்மிடம் உண்டு என்றீர்கள். வெயில் ஒன்றுதான், காற்று ஒன்றல்ல. கம்பத்துக் காற்று மலை தாண்டி ஈரம் குறைந்து வருகிறது. நம் பக்கத்து ஐப்பசி கார்த்திகைக் காற்று வங்கக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. இலை நனைந்தே கிடந்தால் செவட்டை நோய் வரும். பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே கடலிலிருந்துதான் கஜாவும் வந்தது. மணிக்கு 120 கிலோமீட்டர் அளவில் அடித்த காற்று. தென்னை சாய்ந்த இடத்தில் கல்தூண் பந்தல் நிற்குமா? நின்றாலும் அதன் மேல் இலை இருக்குமா?

தண்ணீர், அங்கே ஆறு ஊட்டுகிற கிணறு. உங்களுக்கு வருடா வருடம் கீழே போகிற போர். கவாத்துக்கு ஆள், தேனியிலிருந்து வர வேண்டும். லாரி, உங்கள் ஒரு ஏக்கருக்காக வராது.

அதற்காகத் திராட்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்னு பதூதா பார்த்த கொடி நம் கடற்கரையில் காய்த்ததுதான். ஆனைமலையான்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நேரில் போய், மண்ணையும் போர்த் தண்ணீரையும் சோதித்த சீட்டைக் காட்டிக் கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் லாபத்தை மட்டும் கேட்காமல், போன மழைக்கு எத்தனை தடவை மருந்து அடித்தார், எத்தனை பழம் கீழே கொட்டியது என்றும் கேளுங்கள். பிறகு கிணற்றடியில் நாலு கொடி வையுங்கள். இரண்டு ஐப்பசி பார்க்கட்டும். கடன் வாங்குவது அதற்கப்புறம் இருக்கட்டும்.

உங்கள் வட்டாரத்துக்கும் இந்த ஐந்தில் பல ஏற்கனவே இருக்கின்றன. பலாவுக்குக் கை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பழம் ஏற்ற லாரி வருகிறது, பூவுக்குக் கீரமங்கலத்தில் சந்தை இருக்கிறது. இல்லாதது ஐந்தாவதுதான். பிரான்ஸ் விவசாயிகள் 1923-ல் உட்கார்ந்து பேசியதுபோல் நீங்கள் பத்துப் பேர் உட்கார்ந்து, எங்கள் பலா இன்னது, இப்படித்தான் விளைவிப்போம், இந்தப் பெயரில்தான் விற்போம் என்று முடிவு செய்தால் என்ன? கஜாவுக்குப் பிறகு நட்ட பலாக் கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன என்று கேள்விப்படுகிறேன்.

தேனி, உத்தமபாளையம் பக்கம் வேலையில் இருக்கும் மாணவர்கள், கல்யாணமாகி அங்கே போன பெண் பிள்ளைகள், தோட்டத்தில் இப்போது விலை என்ன, நோய் எப்படி என்று கீழே எழுதுங்கள். கருக்காக்குறிச்சிப் பக்கத்துப் பெரியவர்களிடம் அந்தக் காசுப் புதையலைப் பற்றிப் பரம்பரையாகச் சொல்லும் பேச்சு ஏதாவது இருந்தால் அதையும் கேட்டுப் பதிவிடுங்கள். அடுத்த மாதம், உடம்பு ஒத்துழைத்தால், ஆவூர்க் கோயிலைப் பற்றி எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்